வல்லாரை: பாத்தியிலிருந்து நெய் வரை

வல்லாரை நெய் இந்தத் தடவை பதம் தப்பாமல் இறங்கியது. கால் கிலோ பசுநெய்க்கு ஒரு லிட்டர் சாறு வைத்ததில் 225 கிராம் வடிந்தது. ஆறிய பிறகு பாட்டிலின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பிரியவில்லை, புளித்த வாடையும் இல்லை. பாத்தி போட்டதிலிருந்து நெய் இறக்கியது வரை செய்த வேலைகளை அளவோடும் செலவோடும் வரிசையாக எழுதி வைக்கிறேன். நடுவில் கெட்டுப்போனவையும் இதில் உண்டு, ஏன் கெட்டன என்பதோடு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். வல்லாரையில் செய்யும் எந்த வேலையும் கடைசியில் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதுதான். எந்தத் தண்ணீரில் வளர்ந்தது, எந்தத் தண்ணீரில் கழுவினோம், இலைக்குள் இருக்கும் தண்ணீரை எப்படி வெளியேற்றினோம் என்ற மூன்றில் எது பிசகினாலும் மருந்து என்று செய்தது குப்பைக்குப் போகும்.

வரப்பில் கிடக்க, பாத்தி எதற்கு?

கன்னியாகுமரி மாவட்டத்தில் வல்லாரைக்குப் பஞ்சமில்லை. நாஞ்சில் நாட்டு வயல் வரப்பு, குளத்தங்கரை, அனந்தனார் கால், தோவாளைக் கால் என்ற பாசன வாய்க்கால்களின் ஓரங்கள், மேற்கே ரப்பர் விளைகளின் (தோட்டங்களின்) ஓடைக்கரை என்று ஈரமும் அரைநிழலும் சேர்ந்த இடமெல்லாம் தானாகப் படர்ந்து கிடக்கும். மூலிகை என்றதும் மருந்துவாழ் மலைக்கு ஏறுகிறவர்கள் இதை அந்த வறண்ட சரிவில் தேட வேண்டியதில்லை.

பிரச்சினை கிடைப்பதில் இல்லை. மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்து வைக்கும் செடி இது. வேரில் அதிகம் சேரும், இலையிலும் சேரும். ஊர்ச் சாக்கடை கலக்கும் கால், ஒர்க்‌ஷாப் கழிவு வடியும் ஓடை, பெரிய ரோட்டின் ஓரம் இவற்றில் வளர்ந்ததை எத்தனை தடவை கழுவினாலும் மேலே ஒட்டியதுதான் போகும்; உள்ளே சேர்ந்தது அப்படியே இருக்கும். ரப்பர் விளையில் இன்னொரு சிக்கல். இலையுதிர் நோய்க்காக மழைக்கு முன்னால் காப்பர் ஆக்சிகுளோரைடு அடிப்பார்கள். அது மரத்தடியில் உள்ள களைமேல் எல்லாம் படியும். வாழைத்தோட்டத்து வரப்பில் என்ன மருந்து எப்போது அடித்தார்கள் என்பது தோட்டக்காரருக்குத்தான் தெரியும். எப்போதாவது ஒரு பிடி துவையலுக்கு இதையெல்லாம் பெரிதாக எண்ண வேண்டாம் என்று சொல்பவர்கள் இருக்கலாம். ஒன்றரைக் கிலோ இலையைச் சாறாக்கிக் கால் கிலோ நெய்யில் இறக்கும்போது அப்படிச் சொல்ல முடியாது.

ஆகவே பாத்தி. நடுவதற்கான ஓடுதண்டை மட்டும் சுத்தமான கிணற்றடியிலிருந்து எடுத்தால் போதும்.

எடுப்பது வல்லாரைதானா?

இலை சிறுநீரக வடிவில் இருக்கும். காம்பு சேரும் இடத்தில் ஆழமான பிளவு, ஓரம் முழுக்க மழுங்கிய பற்கள், காம்பு சேரும் புள்ளியிலிருந்து விரிந்து ஓடும் நரம்புகள். தரையோடு ஓடும் தண்டின் கணுக்களில் வேர் பிடித்திருக்கும். பூ மிகச் சிறியது, சிவப்பு கலந்த ஊதா. இலைக்குக் கீழே மண்ணோடு ஒட்டி இருப்பதால் குனிந்து விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். மென்றால் முதலில் துவர்ப்பு, பிறகு கைப்பு.

நர்சரியில் வல்லாரை என்று தொட்டியில் வைத்து விற்பதில் பாதி, குளத்தில் வளர்க்கும் அலங்காரச் செடி. அதன் இலை முழு வட்டம். காம்பு இலையின் நடு முதுகில் வந்து சேரும். திருப்பிப் பார்த்தால் போதும், வேறு சோதனை வேண்டாம். ரப்பர் நிழலில் வளரும் கரிமுத்திள் இன்னும் ஏமாற்றும்: அதே படர்ச்சி, ஏறக்குறைய அதே வடிவம். ஆனால் அதன் இலையோரத்தில் பல் கிடையாது, பூ வெள்ளை, காய் பழுத்தால் சிவப்பு உருண்டை. எலிக்காதிலைக்கு மஞ்சள் பூ. கடையில் 'பிரமி' என்று எழுதிய பொட்டலத்தில் வல்லாரையும் இருக்கலாம், நீர்ப்பிரமியும் இருக்கலாம். நீர்ப்பிரமி வேறு குடும்பத்துச் செடி, காம்பில்லாத சிறிய தடித்த இலை. பொடியாக்கிவிட்டால் இரண்டையும் கண்ணால் பிரிக்க வழியில்லை. பொடியை வாங்காமல் இலையில் தொடங்குவதற்கு அது ஒரு காரணமே போதும்.

பாத்தி

6 அடி நீளம், 3 அடி அகலம், 8 அங்குல ஆழத்தில் தோண்டி, உள்ளே சில்பாலின் (பிளாஸ்டிக் தார்ப்பாய்) விரிப்பு. அடியிலிருந்து 2 அங்குல உயரத்தில் பக்கவாட்டில் ஒவ்வோர் அடி தூரத்துக்கும் ஒரு துளை. அடித்துளை போட்டால் வெயில் காலத்தில் தண்ணீர் நிற்காது. துளையே போடாவிட்டால் ஆனி, ஆடிச் சாரலில் பாத்தி குளமாகி வேர் அழுகும். பக்கத் துளை இரண்டுக்கும் நடுவழி. அடியில் 2 அங்குலத் தண்ணீர் எப்போதும் இருக்கும், மிச்சம் வெளியேறும்.

அந்த 2 அங்குலத்தைக் கதம்பையால் (தேங்காய் மட்டையால்) நிரப்பினேன். தென்னங்குழியில் அடுக்குவதுபோலவே உள்பக்கம் மேலே பார்க்க அடுக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதன்மேல் 5 அங்குலத்துக்கு மண் கலவை: 15 லிட்டர் வாளியில் 14 வாளி பிடித்தது. செம்மண்ணும் குளத்து வண்டலும் சேர்ந்து 7, நன்றாக மக்கிய சாணம் மூன்றரை, தென்னைநார்த்தூள் மூன்றரை. நார்த்தூளை வாங்கியபடி போடக்கூடாது. அதிலுள்ள உப்பும் துவர்ப்புச் சாரமும் இளம் வேரைக் கருக்கும். கழுவுகிற தண்ணீர் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறம் விட்டுத் தெளியும்வரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் நார்த்தூளை விட்டுவிட்டு மக்கிய இலைக்குப்பை போடலாம்.

ஓடுதண்டை இரண்டு மூன்று கணு வரும்படி வெட்டி, 6 அங்குல இடைவெளியில் 72 துண்டு. கணு மண்ணுக்குள், இலை வெளியே. விரலால் கணுவின் மேல் மண்ணை அழுத்திவிட வேண்டும். அழுத்தாமல் விட்டால் கணு காற்றில் தொங்கும், ஒரே வெயிலில் காய்ந்துவிடும். முதல் இரண்டு வாரம் மேலே தென்னோலை மறைப்பு, பிறகு 50 சதவீத நிழல்வலை.

பாத்தியின் ஒரு முனை தென்னை நிழலுக்குள்ளும் மறு முனை வெட்டவெளியிலுமாக அமைந்தது. வித்தியாசம் கண்கூடு. வெட்டவெளி முனையில் இலை சின்னது, தடிமன் அதிகம், காம்பு குட்டை, ஓரத்தில் சிவப்பு. தென்னை நிழலும் வலையும் சேர்ந்த முனையில் இலை பெரிது. ஆனால் மெல்லியது, காம்பு சாணுக்கு மேல், எல்லாம் தண்ணீர். துவையலுக்கு நிழல் இலை நன்று, உலர்த்த நடுப்பகுதி இலை நன்று. இரண்டு நிழலும் ஒன்றாகச் சேர வேண்டாம் என்பதற்காகத் தென்னைப் பக்கம் வலையைப் பிறகு எடுத்துவிட்டேன்.

நட்ட பிறகு பச்சைச் சாணமோ சாணக் கரைசலோ ஊற்றக்கூடாது. இலை தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருக்கிற கீரை இது. ஊற்றியது அத்தனையும் இலையில் தெறிக்கும். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஒரு கிலோ மண்புழு உரத்தைக் காம்புகளுக்கு இடையே தூவியதே போதுமானதாக இருந்தது.

மழைக்காலத்தில் எதிரி நத்தை. குறிப்பாகப் பெரிய ஆப்பிரிக்க நத்தை ஒரு ராத்திரியில் கால் பாத்தியைத் தின்று தீர்க்கும். உப்புப் போட்டுக் கொல்லலாம் என்று பாத்திக்குள் போட்டால் செடியும் சேர்ந்து சாகும். சாயங்காலம் பப்பாளி இலையைப் பாத்தி ஓரத்தில் நாலைந்து இடத்தில் போட்டு வைத்தால் நத்தைகள் அதன் அடியில் ஒதுங்கும். டார்ச் வைத்துப் பொறுக்கி, உப்புக் கரைசல் வாளியில் போடலாம். வெறுங்கையால் தொட வேண்டாம், கையுறை போடுங்கள். நத்தையின் உடலிலும் சளியிலும் மூளை உறையில் அழற்சி உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் இருக்கக்கூடும். பறித்த கையோடு பச்சையாக மெல்லும் பழக்கத்தை மழைக்காலத்திலாவது விடச் சொல்வது இதனால்தான்.

அறுப்பு, கழுவல்

பாத்தி மூட இரண்டரை மாதத்துக்கு மேல் ஆயிற்று. முதல் அறுப்பில் 1.4 கிலோ, அதன் பிறகு 45 முதல் 50 நாள் இடைவெளியில் அறுத்தால் 1.6 கிலோவுக்குக் குறையவில்லை. கத்தரிக்கோலால் இலையோடு ஒரு சிறு பகுதிக் காம்பை மட்டும் வெட்ட வேண்டும். கையால் இழுத்தால் கணுவோடு பிடுங்கிக்கொண்டு வரும், அந்த இடம் மறுபடி மூட ஒரு மாதம் பிடிக்கும். காலையில் பனி காய்ந்த பிறகு அறுப்பது உத்தமம். ஈரத்தோடு அறுத்துக் கூடையில் அமுக்கினால் மதியத்துக்குள் உள்பக்கம் சூடேறி இலை கறுக்கத் தொடங்கும்.

கழுவும்போது இலையை அலசிவிட்டுத் தண்ணீரைச் சாய்த்து ஊற்றுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் அடியில் படிந்த மண் திரும்ப இலைமேலேயே விழும். அகன்ற டப்பில் இலை மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, கையால் கலக்கி, இரண்டு நிமிடம் நிறுத்தி, இலையை மேலோடு அள்ளி அடுத்த டப்புக்கு மாற்ற வேண்டும். மூன்று டப்புக்குப் பிறகு அடியில் மணல் தட்டுப்படாது. மஞ்சள், உப்பு கலந்த தண்ணீரில் போடுவது புழு, பூச்சி, குட்டி நத்தை கழன்று விழ உதவும். கிருமியை அது கொல்லாது; அதற்கு அடுப்புதான்.

துவையலும் துவரனும்

இலையில் கால்சியம், இரும்பு, பொட்டாசியம், பீட்டா கரோட்டின், வைட்டமின் சி எல்லாம் உண்டு. துவர்ப்புச் சத்தும் உண்டு, அது இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் கொஞ்சம் தடுக்கும். புளியோ எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் அந்தத் தடை குறையும். கரோட்டின் சேர எண்ணெய் வேண்டும். தேங்காயும் புளியும் தேங்காய் எண்ணெயும் போட்டு நம் ஊரில் அரைக்கிற துவையல் இந்த இரண்டுக்கும் சரியாகப் பொருந்திவிடுகிறது.

100 கிராம் இலைக்கு அரை மூடிக்குச் சற்றுக் குறைவாகத் தேங்காய்த் துருவல், 4 மிளகாய் வத்தல், 6 சின்ன உள்ளி, ஒரு ஸ்பூன் உளுந்து, சின்ன நெல்லிக்காய் அளவு புளி. உளுந்தும் வத்தலும் சிவந்ததும் உள்ளி, அதன் பிறகு இலை. இலை துவண்டு நிறம் மாறியதும் இறக்கிவிட வேண்டும், இரண்டு மூன்று நிமிடம்தான். அதிகம் வதக்கினால் கைப்பு குறையும் என்று நினைப்பது வீண். தண்ணீர் வற்றிக் கைப்பு அடர்ந்து நிற்கும். கைப்பு பிடிக்காத பிள்ளைகளுக்குச் சிறுபயறை முக்கால் வேக்காடு வேகவைத்துச் சம அளவு இலை சேர்த்துத் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) வைத்துக் கொடுக்கலாம். கஞ்சிக்கு அது நல்ல தொடுகறி.

உலர்த்தல்: அதிகம் கெட்டது இங்கேதான்

நூறு கிராம் பச்சை இலையில் ஏறக்குறைய 87, 88 கிராம் தண்ணீர். ஒரு கிலோ இலை காய்ந்தால் 130 முதல் 140 கிராம் நிற்கும். மிச்சமெல்லாம் காற்றில் போக வேண்டும். எங்கே போகும் என்பதுதான் இந்த மாவட்டத்தில் கேள்வி. கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்று அடிக்கிற நாளில் நிழலில் விரித்தாலே சுருளச் சுருளக் காயும். மேற்கே திருவட்டாறு, குலசேகரம் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கோரைப்பாயில் விரித்த இலை காயாமல் புழுங்கும். முதலில் காம்பு வழவழக்கும், பிறகு இலை பழுப்பாகும், கடைசியில் பூசண வாடை. அந்த நிலைக்கு வந்ததைத் திரும்ப வெயிலில் போட்டுத் தேற்றப் பார்ப்பது வீண், உரக்குழிக்குத்தான்.

நேர்வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், பச்சை நிறம் வெளுத்து வைக்கோல் நிறமாகும். ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரை சும்மா கிடக்கிறதே என்று அதில் தொங்கவிடலாமா என்று பலர் கேட்பதுண்டு. காயும். ஆனால் புகை வாடையும் ரப்பர் வாடையும் பொடியை விட்டு ஒருபோதும் போகாது.

கடைசியில் வேலை செய்தது பழைய மர அலமாரியில் செய்த உலர்த்துப் பெட்டி. அடித்தட்டில் கோழிக்குஞ்சுக்குப் போடும் 100 வாட் குண்டு பல்ப் இரண்டு, அதன்மேல் வெளிச்சம் நேராக இலையில் படாதபடி ஒரு தகரத் தட்டு. மேலே 60 க்கு 45 செ.மீ. அளவில் நாலு தட்டுகள்: ரீப்பர் சட்டத்தில் கொசுவலை அடித்தது. உச்சியில் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிறிய ஃபேன், காற்றை வெளியே தள்ளும்படி. கீழே பக்கத்துக்கு இரண்டு துளை. ஃபேன் இல்லாமல் பல்பு மட்டும் போட்டபோது உள்ளே 50 டிகிரிக்கு மேல் சூடு ஏறியது, இலை காயாமல் அவிந்தது. சூட்டைவிட ஈரக்காற்றை வெளியேற்றுவதுதான் முக்கியம் என்று அதில் தெளிவாயிற்று. ஃபேனோடு 42 முதல் 47 டிகிரியில் நின்றது. ஒரு கிலோ இலை 11 மணி நேரத்தில் காய்ந்தது, மின்சாரம் இரண்டேகால் யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கீழ்த்தட்டு முறுகிப்போகும், மேல்தட்டு ஈரமாகவே இருக்கும்.

பெட்டி இருந்தும் ஒரு பொறி உண்டு, அது காம்பு. இலை நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், பார்த்தால் எல்லாம் காய்ந்ததுபோலத் தெரியும். காம்பை மட்டும் எடுத்து வளைத்துப் பார்த்தால் ஒடியாமல் வளையும். அந்த ஈரம் பாட்டிலுக்குள் போய் நாலைந்து நாளில் முழுப் பொடியையும் கட்டியாக்கும். ஆகவே உலர்த்துவதற்கு முன்பே காம்பை இலையடியோடு நறுக்கித் தனித்தட்டில் போட வேண்டும். அது நாலு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஒடித்தால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு சோதனை: காய்ந்ததை ஆறவைத்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படர்ந்திருந்தால் திரும்பப் பெட்டிக்கு.

பொடிக்கு மிக்ஸியில் விட்டுவிட்டு அடித்து, மெல்லிய பருத்தித் துணியில் சலிக்க வேண்டும். சித்த மருந்துச் சூரணத்துக்கு வஸ்திரகாயம் என்பது இதுதான். சல்லடையில் சலித்தால் நார் தங்கி நாக்கில் உறுத்தும். வைத்தியர்கள் இதற்கு மேல் பிட்டவியல் செய்வார்கள்: சூரணத்தைப் பாலில் பிசறி, பாலும் தண்ணீரும் கொதிக்கிற பானையின் வாயில் துணி கட்டி அதன்மேல் வைத்து அவித்து, திரும்ப உலர்த்திச் சலிப்பது. மாசி, பங்குனியில் செய்யலாம். ஈரக்காற்றில் பால் சேர்ந்த பொடி அன்றைக்கே காயாவிட்டால் புளிக்கும்; பெட்டி இல்லாமல் மழைக்காலத்தில் அதில் கை வைக்க வேண்டாம்.

நெய்

அளவு: நெய் ஒரு பங்கு, சாறு நாலு பங்கு, கற்கம் (அரைத்த விழுது) நெய்யில் எட்டில் ஒரு பங்கு. 250 கிராம் பசுநெய், ஒரு லிட்டர் சாறு, 30 கிராம் இலை விழுது. கற்கத்துக்கு வசம்பு முதலான கடைச்சரக்கு சேர்க்கிற முறைகளும் உண்டு. வசம்பைச் சுத்தி செய்யாமல், அளவு தெரியாமல் சேர்ப்பது ஆபத்து. அது தெரிந்த வைத்தியர் கையில் இருக்கட்டும், வீட்டில் இலை மட்டும் போதும்.

ஒரு அறுப்பு இலை முழுவதும் இதற்கே சரியாகப் போயிற்று. 200 கிராம் இலைக்கு 25 மி.லி. கொதித்து ஆறிய தண்ணீர் என்ற கணக்கில் எட்டுத் தவணையாக அரைத்து, துணியில் பிழிந்ததில் ஒரு லிட்டர். பிழியும்போது சாறு சோப்புத் தண்ணீரைப்போல நுரைத்து வரும். வல்லாரையில் உள்ள சபோனின்கள் செய்கிற வேலை அது, கெட்டுப்போனதல்ல. அரைமணி நேரம் வைத்தால் நுரை அமரும். நுரையோடு அடுப்பில் ஏற்றினால் பொங்கி அடுப்பு அணையும்.

பாத்திரம் கொள்ளளவில் பொருளைப்போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். 4 லிட்டர், அடிகனமான எவர்சில்வர். வெண்கல உருளி பார்க்க அழகு. ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் அதன் சூடு நிற்காமல் ஏறும், பதம் பிடித்த நெய் கண் முன்னே கடந்துபோய்விடும். உருளியில் காய்ச்சிப் பழகியவர்களுக்கு அந்தக் கணக்குத் தெரியும். கேஸ் அடுப்பில் பாத்திரத்துக்கு அடியில் ஒரு பழைய தோசைக்கல் வைத்து, தீயை முழுக்கக் குறைத்தேன்.

நெய் உருகியதும் கற்கம், அது கரைந்ததும் சாறு கால் லிட்டராக நாலு தடவை. முழுச் சாறும் ஒரேயடியாகப் போகக்கூடாது. அடியில் பச்சை வண்டல் படியும். படிந்த இடத்தில் முதலில் கருகும். தட்டையான மரச் சட்டுவத்தால் அடியைச் சுரண்டியபடியே கிளற வேண்டும். மொத்தம் மூன்றரை மணி நேரம். தீயைக் கூட்டி ஒன்றரை மணியில் முடித்தால் கற்கம் வெளியே முறுகி உள்ளே ஈரமாக நிற்கும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்வதாக இருந்தால், மூடுவதற்கு முன் நன்றாக ஒரு கொதி வரவிட வேண்டும். நம் புழுக்கத்தில் சாறு ராத்திரியோடு புளிக்கத் தயாராக இருக்கும்.

தண்ணீர் இருக்கும்வரை தெர்மாமீட்டர் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், பெரிய பெரிய குமிழி, இடைவிடாத சடசடப்பு. தண்ணீர் தீரத் தீரக் குமிழி சின்னதாகும், சத்தம் தேயும். எண்ணெய் காய்ச்சிப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். தைலத்தில் பதம் வரும்போது நுரை எழும்; நெய்யில் நுரை அடங்கும். நுரை வரட்டும் என்று நெய்யை வைத்துக் காத்திருந்தால் கருகல்தான் மிஞ்சும்.

104 டிகிரி காட்டியதும் சோதனையைத் தொடங்கினேன். சட்டுவத்தில் ஒட்டிய கற்கத்தைக் கொஞ்சம் எடுத்து ஆறவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்ட வேண்டும். விரலில் ஒட்டினால் இன்னும் தண்ணீர் உண்டு. ஒட்டாமல் மெழுகுபோலத் திரண்டு திரியாக நீண்டால் அதைத் தீயில் காட்ட வேண்டும். சடசடத்தால் பொறுக்க வேண்டும், சத்தமில்லாமல் எரிந்தால் பதம். 107 டிகிரியில் அந்தத் திரி சத்தமில்லாமல் எரிந்தது. அங்கிருந்து மணல்போல உதிர்கிற பதத்துக்குப் போக ஐந்து நிமிடம்கூட ஆகாது. உள்ளுக்குச் சாப்பிடுகிற நெய்க்கு மெழுகுப் பதமே சரி.

உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றி, கை பொறுக்கும் சூட்டில், வெயிலில் காய்ந்த துணியில் வடித்தேன். தானாக வடிந்தது ஒரு பாட்டிலிலும், கற்கத்தைப் பிழிந்து வந்தது சின்ன பாட்டிலிலும். பிழிந்ததில் ஈரம் ஒட்டியிருக்கக்கூடும், அதை முதலில் தீர்த்துவிட வேண்டும். நிறம் பளிச்சென்ற பச்சையாக இராது. சூட்டில் இலைப்பச்சை மங்கிக் கருமை சேர்ந்த பச்சையாகும். பழுப்பாக இருந்தால் பதம் கடந்தது. ஆறிய பிறகு அடியில் கலங்கலாக ஒரு படலம் பிரிந்தால் பதம் வரவில்லை. அன்றைக்கே பார்த்துவிட்டால் திரும்பக் காய்ச்சி மீட்கலாம், புளித்த பிறகு முடியாது. எடுக்கிற ஸ்பூன் ஈரமாக இருந்தால் இவ்வளவு பாடும் வீண்.

எதற்கு, யாருக்கு வேண்டாம்

சித்த மருத்துவத்தில் வல்லாரை குளிர்ச்சியான சரக்கு, உடலை உறுதியாக்கும் என்று சொல்லும் கற்ப மூலிகைகளில் ஒன்று. நினைவாற்றலுக்கும் தோல் நோய்க்கும் உள்ளுக்குக் கொடுப்பார்கள். இலையை ஆமணக்கெண்ணெயில் வதக்கி வீக்கத்துக்கும் கட்டிக்கும் கட்டுவார்கள், யானைக்கால் வீக்கத்துக்கும் இலையை அரைத்துப் பூசும் வழக்கம் உண்டு. நவீன ஆய்வில் அதிகம் நிற்பது புண் ஆறுவதும் தழும்பும்தான். இதிலுள்ள ஆசியாட்டிகோசைடு என்ற வேதிப்பொருள் 1941இல் பிரித்தெடுக்கப்பட்டது. மடகாசோல் என்ற பிரெஞ்சுக் களிம்பு இந்தச் செடியின் சாரத்தில் செய்ததுதான். அதற்காகப் பச்சை இலையை அரைத்துத் திறந்த புண்ணில் அப்பக்கூடாது. களிம்பில் இருப்பது சுத்திகரித்த சாரம், விழுதில் மண்ணும் கிருமியும் கூட வரும். நினைவாற்றலைப் பற்றி மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகள், முடிவுகள் ஒன்றுபோல இல்லை. பரீட்சைக்கு முந்தின மாதம் பிள்ளைக்கு ஊட்டினால் மார்க் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். துவையலாகக் கொடுங்கள், கீரை சாப்பிட்ட பலன் நிச்சயம்.

கீரையாக வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிடுவது வேறு, மருந்தளவில் நாள்தோறும் எடுப்பது வேறு. 2005இல் அர்ஜென்டினாவிலிருந்து வந்த மருத்துவ அறிக்கை ஒன்றில், வல்லாரை மாத்திரையைச் சில வாரங்கள் எடுத்த மூன்று பெண்களுக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது பதிவாகியிருக்கிறது; நிறுத்தியதும் சரியானது. ஆகவே கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தூக்க மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ எடுப்பவர்கள் நெய்யையும் சூரணத்தையும் தாங்களாகத் தொடங்கக்கூடாது. மற்றவர்களும் அளவையும் எத்தனை நாள் என்பதையும் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தலைவலி, மயக்கம், தோலில் அரிப்பு வந்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

செலவும் அடுத்த தடவையும்

பாத்திக்கு: சில்பாலின் 420, நிழல்வலை 360, சாணமும் நார்த்தூளும் சேர்த்து 300 ரூபாய். கதம்பை, மண் வீட்டிலிருந்து. பெட்டிக்கு: கொசுவலை 180, பல்பும் ஹோல்டரும் 160, ஃபேன் 150, தெர்மாமீட்டர் 220. அலமாரி பழையது. ஆக மொத்தம் 1,790 ரூபாய். நெய்க்கு 180 ரூபாய் தனி. வடசேரி சந்தையில் கட்டு வாங்கிச் செய்தால் இதைவிட மலிவாக முடியும் என்பது உண்மை. எந்தக் காலோரத்தில் பறித்தது என்று கேட்டால் விற்கிறவருக்கே தெரியாது.

அடுத்த தடவை பாத்தியை இரண்டாகப் போட வேண்டும், மூன்று வார இடைவெளியில். ஒரே பாத்தியில் நெய்க்கு அறுத்தால் துவையலுக்கு இலை காணாது. சில்பாலின் அடியை ஒரு பக்கம் ஓர் அங்குலம் சரிவாக வைத்தால் கார்த்திகை மழையில் மூலையில் தேங்கியது தேங்காது. நத்தைக்குப் பாத்தியைச் சுற்றி நாலு அங்குல அகலத்தில் செம்புத் தகடு பதித்தால் ஏறாது என்கிறார்கள். விலையைக் கேட்ட பிறகு பப்பாளி இலையே போதும் என்று பட்டது. சூரணத்துக்கான அறுப்பைத் தை கடைசிக்கும் மாசிக்கும் தள்ளி, மழைக்கால அறுப்பு முழுவதையும் நெய்க்கும் சமையலுக்கும் ஒதுக்கினால் பெட்டியின் மின்சாரம் மிச்சம். நெய்யையும் 500 கிராமாக வைத்துக் காய்ச்ச வேண்டும். கால் கிலோவில் துணியும் கற்கமும் குடிக்கிற 25 கிராம் பெரிய நஷ்டம். அளவு இரட்டித்தால் நஷ்டம் அதே விகிதத்தில் கூடாது. அதற்குச் சாறு இரண்டு லிட்டர், இலை மூன்றே கால் கிலோ, 8 லிட்டர் பாத்திரம்.